தண்ணீர் நின்ற குழாய்

தெருவில் எல்லோருக்கும் அவள் டிரைவரம்மா. இருபத்திரண்டு வருஷமாகப் பேருந்து ஓட்டுகிறாள். சந்தை நெரிசலில், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில், இடுப்பளவு வெள்ளத்தில் எல்லாம் வண்டியைச் செலுத்தியவள். அப்படிப்பட்டவளுக்கு ஏணி என்ற வார்த்தை மட்டும் காதில் விழக்கூடாது. எல்லாம் அவள் வீட்டுக்காரர் செய்து வைத்த புண்ணியம்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வகுப்பில் எந்தக் கேள்விக்கும் விடை வைத்திருந்தவருக்கு வீட்டிலும் அப்படித்தான் நினைப்பு. போன மழைக்காலத்தில், கூரையின் விளிம்பில் ஓடும் தகரக் கால்வாயில் இலை அடைத்திருக்கிறது, எடுக்கிறேன் பேர்வழி என்று ஏறினார். ஏணி வழுக்கியது. சிமெண்டுத் தரையில் விழுந்து தொடை எலும்பு முறிந்து, இன்றைக்கும் அதற்குள் ஒரு இரும்புக் கம்பி இருக்கிறது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, இன்னொரு தடவை விழுந்தால் கம்பியும் எலும்பும் சேர்ந்தே உடைந்துவிடும், அப்புறம் என்னால் எழுப்பி நடக்கவைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். வாத்தியார் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை அவள் நம்பவில்லை. வீட்டுக்கு வந்த கையோடு ஏணியைப் பழைய இரும்புக்காரரிடம் தூக்கிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அந்த வேலை அவளுடையது ஆயிற்று. கால்வாயிலிருந்து மழைத்தண்ணீரைக் கீழே இறக்கும் குழாயை, தரையில் நின்றபடியே சுத்தம் செய்யப் பழகிக்கொண்டாள். டிப்போவில் கழித்துப்போட்ட கிளட்ச் கேபிள் ஒன்றைக் கொண்டுவந்து, நுனியைக் கொக்கியாக வளைத்து, குழாயின் அடிவாய் வழியாக மேலே விட்டுத் திருகுவாள். வாத்தியாருக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு. தொண்டையில் முள் மாட்டினால் கால் கட்டைவிரலைச் சொறிகிறாயே என்பார். சிரிக்கட்டும், சிரித்துக்கொண்டு தரையில் இருக்கட்டும் என்று அவள் விட்டுவிடுவாள்.

அன்றைக்குக் காலையிலிருந்து விடாத மழை. கால்வாய் நிரம்பி வழிந்து, அடுப்படிச் சுவரில் ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கம் ஈரம் இறங்கியிருந்தது. வேலைக்குக் கிளம்பும்போதே திட்டவட்டமாகச் சொன்னாள், மூன்று மணிக்கு வந்து நானே பார்க்கிறேன், நீங்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது என்று. சரி சரி என்றார். இரண்டு சரி போட்டால் அது சரியே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் ஏணிதான் வீட்டில் இல்லையே.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தபோது மழை தூறலாகியிருந்தது. படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. மத்தியானத் தூக்கம் போல, எழுப்ப வேண்டாம் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, கேபிளையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் பின்பக்கம் போனாள்.

குழாய் பின்சுவரின் மூலையில், கூரையின் நிழலுக்கு உள்ளே ஒட்டி இறங்குகிறது; அங்கே நின்றால் மேலே ஓடு தெரியாது. வெயிலில் வெளுத்த பழைய பிளாஸ்டிக் குழாய். அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்க அவளிடம் ஒரு வழி உண்டு. தினமும் வண்டி எடுக்குமுன் டயரைக் கம்பியால் தட்டிக் காற்று இருக்கிறதா என்று காதாலேயே சொல்பவள் அவள். அதே காதைக் குழாயிடமும் கொடுப்பாள். குனிந்து சுத்தியல் பிடியால் கீழேயிருந்து தட்டிக்கொண்டு வந்தாள். கணுக்கால் உயரத்தில் டொக், டொக். காலி. முழங்காலிலும் காலி. இடுப்புக்கு வந்ததும் சத்தம் செத்துப்போய்த் தொப் என்றது. அதற்கு மேலே எட்டின மட்டும் தொப், தொப். அடைப்பு இடுப்பருகே வளைவில், அதற்கு மேல் குழாய் முழுக்கத் தண்ணீர் நிற்கிறது. நல்லதாகப் போயிற்று, கைக்கு எட்டும் இடம்.

நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னும் இரண்டு தடவை தட்டினாள்.

மேலேயிருந்து இரண்டு தட்டு திரும்பி வந்தது.

முதலில் எதிரொலி என்று நினைத்தாள். தண்ணீர் நிற்கும் குழாயில் எதிரொலி ஏது? மூன்று தடவை தட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு டிங், டிங், டிங். தகரத்தில் மோதிரம் படும் சத்தம்.

சுத்தியலைப் போட்டுவிட்டு முற்றத்தின் நடுவுக்கு ஓடித் திரும்பிப் பார்த்தாள். ஈர ஓட்டின் மேல், சரிவில், கால்வாயை ஒட்டிக் குறுக்காக, முகம் ஓட்டில் பதிய அவள் புருஷன் குப்புறக் கிடந்தார். ஒரு கை கால்வாயைப் பிடித்திருந்தது. இரண்டு கால்களும் கால்வாயின் விளிம்பில் முட்டுக்கொடுத்து நின்றன. அவரைக் கீழே வராமல் தாங்கிக்கொண்டிருந்தது அந்தத் தகரம் ஒன்றுதான். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் செடிகளுக்குள் ஒரு ஏணி விழுந்து கிடந்தது. பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனுடைய ஏணி. இரவல் வாங்கியிருக்கிறார் மனுஷன்.

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே ஏணியை இழுத்து வந்து நிமிர்த்திக் கால்வாயில் சாய்த்தாள். ஒரு படி, இரண்டு படி, மூன்றாவது படியில் கால் வைத்தபோது தலைக்கு மேலே தகரம் கிரீச்சென்றது.

"ஏறாதே," என்றார் அவர். குரல் பாதிதான் வந்தது. "எறங்கு. கால்வாய்க் கொக்கி கழண்டுக்கிட்டிருக்கு. உன் கனத்தையும் தாங்காது."

அவள் இறங்கி ஏணியை விலக்கினாள். அப்போதுதான் கால்வாயை ஒழுங்காகப் பார்த்தாள். விளிம்பு வரை தண்ணீர் ததும்ப, நடுவில் தொட்டில் துணி போலத் தொய்ந்திருந்தது. அந்த நீளத்துக்குத் தண்ணீரே ஒரு ஆள் கனம் இருக்கும். அதோடு வாத்தியாரின் கனம். மரப்பலகையில் அறைந்திருந்த கொக்கிகளில் ஒன்று ஏற்கெனவே வெளியே வந்து தொங்கியது.

"தண்ணியை எறக்கு," என்றார். "குழாய் வாயில இருந்த இலையெல்லாம் எடுத்துட்டேன். எறங்கலை. அடைப்பு கீழேதான்."

கேபிளைக் குழாயின் அடிவாயில் நுழைத்தாள். நிதானமாகத் திருக வேண்டிய வேலை அது, கொஞ்சம் கொஞ்சமாகக் கொக்கியில் மாட்டி இழுக்க வேண்டும். அவளோ அவசரத்தில் குத்தினாள். ஒரு பிடி அழுகிய இலை வந்தது, பிறகு ஒரு கிழிந்த பிளாஸ்டிக் பை. மூன்றாவது குத்தில் கொக்கி எதிலோ மாட்டி, முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. தண்ணீர் மட்டும் சொட்டுச் சொட்டாக இறங்கியது. மழை மறுபடி வலுத்தது. சனியன் பிடித்த மழை, அதற்கும் இப்போதுதான் நேரம் கிடைத்தது.

மேலே படார் என்று ஒரு சத்தம். இன்னொரு கொக்கி பலகையை விட்டுத் தெறித்துச் சிமெண்டில் விழுந்தது. ஓட்டின் மேல் உடம்பு ஒரு சாண் சரியும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. மேலே பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"ஏங்க," என்றாள்.

"இருக்கேன்."

கேபிளை இழுத்து மன்றாடிக்கொண்டிருந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தண்ணீர்தானே இறங்க வேண்டும். குழாய் பிழைக்க வேண்டும் என்று யார் அழுதது? சுத்தியலைப் பொறுக்கினாள். தொப் என்று சொன்ன இடத்துக்கு ஒரு முழம் மேலே, பலம் கொண்ட மட்டும் ஓங்கி அடித்தாள். முதல் அடியில் கீறல் விட்டது. இரண்டாவது அடியில் சில்லு சில்லாக உடைந்து, மேலே நின்ற தண்ணீர் அத்தனையும் அவள் மார்பிலும் முகத்திலும் பாய்ந்தது. கறுப்புத் தண்ணீர், மூக்குக்குள்ளும் வாய்க்குள்ளும் போயிற்று. கண்ணைத் திறக்காமல் உடைந்த ஓட்டையைக் கையால் பிய்த்துப் பெரிதாக்கினாள். விரலை அறுத்ததே தெரியவில்லை. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, ஒரு கூரைக்கு மேல் இவ்வளவு தண்ணீரா என்று இருந்தது. கடைசியில் அது மெலிந்து, மழையின் அளவுக்கு ஓட ஆரம்பித்தது.

தலைக்கு மேல் தகரத்தின் முனகல் நின்றிருந்தது.

சத்தம் கேட்டு எலக்ட்ரீஷியன் மதிலைத் தாண்டிக் குதித்து வந்தார். அவள் பார்த்த பார்வையில் மனுஷன் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். வாத்தியார்தான் ஐந்தே நிமிஷம் என்று சொன்னார் என ஏதோ ஆரம்பித்தவர் பாதியில் வாயை மூடிக்கொண்டார். கொக்கி கெட்டியாக இருந்த மூலையில் ஏணியைச் சாய்த்து, அடியைத் தன் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். வாத்தியார் அங்குலம் அங்குலமாக நகர்ந்து வந்தார். கம்பி வைத்த கால் மரத்துப்போயிருந்தது. கீழேயிருந்து கை எட்டியதும் டிரைவரம்மா அந்தக் கணுக்காலைப் பிடித்து ஒவ்வொரு படியாக எடுத்து வைத்தாள். ஒன்பது படிகள். ஒவ்வொன்றுக்கும் அவள் உயிர் போய்ப் போய் வந்தது.

கீழே வந்ததும் அவர் ஈரச் சிமெண்டிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. எலக்ட்ரீஷியன் துண்டு எடுத்து வருகிறேன் என்று நழுவினார். நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போல நாலு கேட்க வேண்டும் என்று அவள் வைத்திருந்தாள். வாயைத் திறந்தால் வேறு ஏதோ வந்தது.

"எவ்வளவு நேரமா அங்கே கிடந்தீங்க?"

முக்கால் மணி நேரம் இருக்கும் என்றார். கூப்பிட்டது அந்த மழையில் பக்கத்து வீட்டுக்குக் கேட்கவில்லையாம்.

"நான் கேட்டைத் திறந்தது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. நீ அடுப்படியில டம்ளர் வெச்சதுகூடக் கேட்டுச்சு."

"அப்போ ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல? அவ்வளவு ரோஷமா?"

அவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரோஷமெல்லாம் ஏணி விழுந்தப்பவே போயிடுச்சு. குரல் குடுத்தா நீ முதல்ல ஏணியைத்தான் தூக்குவே, ஏறினா ரெண்டு பேரும் விழுவோம். எப்படியும் தண்ணியை எறக்க வருவேன்னு தெரியும், நீ குழாயைத் தட்டற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். விரலிலிருந்து ரத்தம் சொட்டுவதை இப்போதுதான் பார்த்தாள்.

"தட்டினதுக்கு அப்புறமும் ஏணியைத் தூக்கினேனே," என்றாள். "மூணு படி ஏறிட்டேன்."

"தெரியும். என் காலுக்குக் கீழே தகரம் அசைஞ்சுது."