சரிவில் இறங்கிய பெட்டிகள்

நாலு வீடியோ பார்த்ததுமே தன் கணவன் கிறிஸ்டோ ஓவியனாகிவிட்டதில் சாராவுக்கு எரிச்சல். கண்மட்டத்தில் ஒரு கோடு போட்டு, அதில் புள்ளி வைத்து, வரைகிற பெட்டியின் விளிம்புகளை அந்தப் புள்ளியை நோக்கி இழுக்க வேண்டுமாம். வானமும் தரையும் சேரும் இடம்தான் கண்மட்டமாம். சுற்றிலும் மலையான கொட்டச்சேட்டில் அதற்கு எங்கே போவது? மேதாவி, ஜன்னலில் தெரிந்த மலைச்சரிவையே கோடாகப் போட்டுவிட்டான். பெட்டிகளெல்லாம் பிரேக் பிடிக்காத ஜீப் மாதிரி சரிந்து நின்றன. அடியில் மட்டும் பெரிய கையெழுத்து, நேராக.

"சொல்லிக் குடுத்தவன் முட்டாள்," என்றான் கிறிஸ்டோ.

"ஆமாங்க, நொம்ப முட்டாளுங்க," என்றபடி சாரா தாளைச் சற்றுத் திருப்பினாள். பெட்டிகள் ஒழுங்காக நிமிர்ந்து உட்கார்ந்தன. இப்போது கோணலாக இருந்தது அவன் கையெழுத்து மட்டும்தான்.