ஓட்டை விழாத இரும்பு

போர்க்களத்திலிருந்து வந்த வண்டியிலிருந்து நெட்டையனின் பிணத்தை இறக்கியபோது அவன் உடம்பில் ஒரு கீறல் இல்லை. மார்புக்கவசம் முழுசாக இருந்தது. தலைக்கவசத்தின் வலப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல், மூக்கோரம் காய்ந்த ரத்தம், அவ்வளவுதான். இரும்பு எங்கும் கிழியவில்லை.

தையல்காரி அவனுக்கு அண்ணி. மாமியார் கண்மூடியபோது அவனுக்குப் பால்பல் விழுகிற வயசு; அன்று முதல் அவள்தான் வளர்த்தாள். அவன் போருக்குப் போட்டுக்கொண்டு போன கவசம் அவள் புருஷன் அடித்தது. தலைக்கவசத்துக்குள் இருந்த பஞ்சு உறை அவள் தைத்தது. ஆடக்கூடாது, இறுக்கமாக வேண்டும் என்று அவன் கேட்டிருந்தான். இறுக்கமாகத்தான் தைத்தாள்.

அடக்கம் முடிந்த கையோடு பேச்சு கிளம்பிவிட்டது. “காயமே இல்லாம ஒருத்தன் சாவானா? பயத்துல நெஞ்சு நின்னிருக்கும்” என்று லாடம் அடிக்கிறவன் சொன்னானாம். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை மாற்றினார்கள்.

கவசக்காரர் பட்டறையில் உட்கார்ந்து தம்பியின் தலைக்கவசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, அவன் பயந்து சாகல. எதுல செத்தான்னு பாருங்க.”

“இரும்புல ஓட்டை விழலையே.”

“இரும்பா செத்துப்போச்சு?”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்தார்.

முற்றத்தில் கம்பம் நட்டார்கள். அதே அளவு, அதே தகடு, அதே உறை உள்ள வேறொரு தலைக்கவசத்துக்குள் பூசணிக்காய் ஒன்றை வைத்து இறுக்கிக் கட்டினார்கள். முதலில் வாள். கிரீச்சென்று வழுக்கிக்கொண்டு போனது. தகட்டில் ஒரு பளபளப்பான கோடு மட்டும் மிஞ்சியது. ஈட்டி முனை வளைவில் பட்டு விலகி ஓடியது. கோடரி கொஞ்சம் கடித்தது. தகட்டின் விளிம்பில் ஒரு வெட்டு விழுந்தது, ஆனால் காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு தடவையும் கவசக்காரர் முகத்தில் தொழில்காரனின் பெருமை எட்டிப் பார்த்தது. உடனே அவருக்கே அது கூச்சமாகிவிடும்.

கடைசியில் தண்டாயுதத்தை எடுத்தார். கைப்பிடியின் நுனியில் விலா எலும்புபோல் பட்டை பட்டையாகத் துருத்திய இரும்புக் குமிழ். ஓங்கி ஒரே அடி. மொத்தென்று ஒரு சத்தம். தகடு நசுங்கியது, கிழியவில்லை.

தையல்காரி உள்ளே கையை விட்டாள். அவள் போட்ட தையல் ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை. அதற்குள்ளே காய் கூழாகிக் கிடந்தது. கையை வெளியே எடுக்க அவளால் முடியவில்லை. அவர்தான் மெல்லப் பிடித்து எடுத்துவிட்டார்.

“வாளும் கோடரியும் இரும்போட மல்லுக்கு நிக்குது. இது இரும்பைச் சட்டை பண்ணவே இல்ல. உள்ள இருக்கறவனைத் தேடிப் போகுது” என்றார்.

அதற்குப் பிறகு அவள் சும்மா இருக்கவில்லை. தலை இரும்பில் ஒட்டியிருப்பதுதான் வினை என்று பட்டது. தோல்வார்களைக் கூடைபோலப் பின்னி, தலைக்கவசத்தின் விளிம்போடு சேர்த்துத் தைத்தாள். தலை அந்தக் கூடையில் தொங்கும். இரும்புக்கும் மண்டைக்கும் நடுவே இரண்டு விரல் போகும். பல தடவை வார் அறுந்தது, பல காய்கள் வீணாயின. ஒருநாள் அதே அடிக்குக் காய் ஒரு பக்கம் விரிசல் விட்டதோடு நின்றது.

“தலை சுத்தும், காது அடைக்கும். ஆனா உயிர் நிக்கும்” என்றார் கவசக்காரர்.

படைத்தலைவரையும் தெருவையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். பழைய உறையோடு ஓர் அடி, புதிய வார்க்கூடையோடு ஓர் அடி. லாடக்காரன் தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்திலிருந்து நழுவினான். “முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். நீங்க இரும்புல மறைக்கிறீங்க” என்றார் படைத்தலைவர். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தண்டாயுதத்தைக் கையில் எடுத்து எடை பார்த்தார்.

“அந்த வார்க்கூடை தைக்க நாளாகுமா?”

“ஆகும்.”

“இதை அடிக்க?”

கவசக்காரருக்குப் பொய் சொல்ல வரவில்லை. “இது சுலபம்.”

“அப்ப முதல்ல இது. ஆத்துக்கு அந்தப் பக்கத்துக்காரனும் கவசம்தானே போட்டிருக்கான்?”

“நாங்க அதுக்காகக் காட்டலைங்க” என்றாள் தையல்காரி.

“தெரியும்மா” என்றார் அவர் தணிந்த குரலில். “ஆனா கண்ணால பார்த்ததை நான் மறக்க முடியுமா?”

அவர் போனதும் புருஷன் கரியை அள்ளி உலையில் போட்டார்.

“ஒத்துக்கப் போறீங்களா?”

“நான் அடிக்கலன்னா வேற பட்டறை அடிக்கும். என் தம்பியைக் கொன்னவங்க அவங்க.”

“அவங்க வீட்டுலயும் ஒரு அண்ணி இருப்பா.”

அவர் துருத்தியை மிதித்தார்.

கோடை முழுக்க ஒரே கூரையின் கீழ் அவர் குமிழ் அடித்தார், அவள் வார் தைத்தாள். படைவீரர்கள் வந்து அவள் முன்னால் தலையைக் குனிந்து நிற்பார்கள், அவள் அளவெடுப்பாள். பிறகு அவர்கள் அவரிடம் போய் ஆயுதம் வாங்கிக்கொள்வார்கள். சாப்பிடும்போது மட்டும் இருவரும் பேசினார்கள், அதுவும் “போதுமா”, “போதும்” என்ற அளவில்.

படை போனது, போனவர்களில் பெரும்பாலோர் திரும்பிவந்தார்கள். ஒருத்தனுக்கு ஒரு காது செவிடாகிவிட்டது, இன்னொருத்தன் நடக்கும்போது தள்ளாடினான். அம்மாக்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். படைத்தலைவரும் வந்தார். “எதிராளி வரிசை வரிசையா விழுந்தான், கவசத்தோட” என்று கவசக்காரரின் தோளைத் தட்டினார். கவசக்காரர் அந்தக் கை தோளை விட்டு எடுக்கப்படும்வரை அசையாமல் நின்றார்.

தண்டாயுதம் அடிக்க அடுத்த ஆணை வந்தபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கை வலிக்கிறது என்று சொல்லி அனுப்பினார். வேலை வேறு பட்டறைக்குப் போனது. இவர் வாசலில் கூட்டம் குறைந்தது. அவள் காரணம் கேட்கவில்லை. அன்று சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

சமாதானம் ஏற்பட்டு ஆற்றில் ஓடம் விட்ட பிறகு, அந்தக் கரையிலிருந்து ஒரு பெண் வந்தாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. வாசற்படி ஏறாமலே நின்றாள்.

“தலைக்கவசத்துக்குள்ள வைக்கிற வார் நீங்கதான் தைக்கிறீங்களாம். கத்துக்கணும்.”

கவசக்காரர் மனைவியைப் பார்த்தார். நாளைக்கே போர் மூண்டால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும்.

“உள்ள வாம்மா” என்றாள் தையல்காரி. விளக்கின் வெளிச்சம் விழும் பக்கமாக மணையைத் தள்ளிப் போட்டு, தோல்துண்டையும் ஊசியையும் அவள் கையில் கொடுத்தாள்.

“முதல் தையலை விளிம்புலேர்ந்து ஆரம்பி.”