ஜீப் வர வெட்டிய பாதை

எண்பத்தோராம் ஆண்டு மாவட்ட சபைத் தேர்தலுக்கு நாள் குறித்த கையோடு, மாங்குளத்தில் நெல் மில் வைத்திருந்த வீரகத்தி ஆள் அனுப்பிப் பழனியாண்டியைக் கூப்பிட்டார்.

வீரகத்தி அந்தப் பகுதியில் தேர்தலில் நிற்கும் கட்சியொன்றின் ஆள். பழனியாண்டி பாலையடிக் குடியேற்றத்தின் சங்கத் தலைவன். எழுபத்தேழு கலவரத்தில் மலைநாட்டு மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தொழிலாளர் குடியிருந்த லயம் எரிந்தபோது, உடுத்த துணியோடு லொறியேறி வந்தவர்கள்தான் பாலையடிச் சனம். காட்டை வெட்டினார்கள், கொட்டில் போட்டார்கள், பாலை மரத்தடியில் ஒரு பிள்ளையாரை வைத்தார்கள். கிணறு மட்டும் வாய்க்கவில்லை. அங்கங்கே தோண்டிய துரவுகளில் ஊறிய கலங்கல் தண்ணீர் பயிருக்குத்தான் ஆகும். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் பெண்கள் பெரிய றோட்டைத் தாண்டிப்போய், அடுத்தவர் வளவில் முகம் பார்த்து அள்ள வேண்டும்.

மில்லுக்குள் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே கதிரையில் இருந்தபடி வீரகத்தி கேட்டார்:

"உங்கடை பக்கம் எத்தினை வாக்கு இருக்கும், பழனியாண்டி? பிரஜாவுரிமை கிடைச்ச ஆக்கள் இருப்பினம்தானே?"

பாலையடியில் ஒருவருக்கும் வாக்கு இல்லை. சிலர் இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். மற்றவர்களை எந்த நாடும் தன் ஆள் என்று சொல்லவில்லை. இது பழனியாண்டிக்குத் தெரியாததல்ல.

"எங்க சனம் எல்லாம் உங்க பக்கந்தாங்க, ஐயா," என்றான்.

வீரகத்தியின் முகம் மலர்ந்தது. "அப்ப எங்கடை வேட்பாளரை நான் கூட்டிக்கொண்டு வாறன். மைக்கிலை வைச்சே உங்களுக்கொரு கிணறு எண்டு சொல்லுவிக்கிறன். ஆனா ஜீப் உள்ளுக்கு வர வழி வேணும். அவர் அவ்வளவு தூரம் நடக்க மாட்டார். பாதையை வெட்டி வையும்."

சைக்கிளில் திரும்பி வரும்போது, தான் பொய் சொல்லவில்லையே என்று பழனியாண்டி தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். கிணறு வரட்டும். வந்த கிணற்றை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

பாதை வெட்ட இரண்டு வழி இருந்தது. கீழ்ப்பக்கமாகப் போனால் பழனியாண்டியின் மிளகாய்த் தோட்டம் குறுக்கே வரும். மேல்பக்கமாகப் போனால் ராக்காயியின் எள்ளுக்காணி. பழனியாண்டி ஒரு தடியை ஊன்றிக்கொண்டு இரண்டு பக்கமும் நடந்து பார்த்தான். கீழ்ப்பக்கத் தரை கல்லுப்போல இறுகிக் கிடந்தது. ஜீப் என்ன, நெல் லொறியே போகும். ஆனால் அவனுடைய மனைவி மீனம்மா வாளி வாளியாகத் துரவுத் தண்ணீர் ஊற்றி வளர்த்த செடிகள் அங்கே நின்றன. முதல் பழம் அப்போதுதான் சிவக்கத் தொடங்கியிருந்தது.

அன்று பின்னேரம் சனத்தைக் கூட்டி, "கீழ்ப்பக்கம் சேறு. ஜீப்பு பொதைஞ்சிரும். மேல்பக்கந்தான் வழி," என்றான். தலைவன் பார்த்துவிட்டுச் சொல்கிறான். ஒருவரும் போய்த் தரையை மிதித்துப் பார்க்கவில்லை.

ராக்காயி தனியாள். பாலையடிக்கு வந்த முதல் மாரியிலேயே காய்ச்சல் அவள் புருஷனைக் கொண்டுபோய்விட்டது. மற்றவர்களின் வயலில் கூலிக்குக் களை பிடுங்கிக்கொண்டே, பற்றையை வெட்டி எரித்து, அந்த வருடம்தான் தனக்கென்று எள்ளு விதைத்திருந்தாள். பழனியாண்டி போனபோது காணி முழுக்க வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்திருந்தது.

"பூத்திருச்சேண்ணே," என்றாள்.

"தெரியுதும்மா. கெணறு வந்துட்டா வருஷா வருஷம் போடலாம்."

"வேற வழியே இல்லியா?"

"இல்ல."

அவள் கொட்டிலுக்குள் போய்க் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அடுத்தவுங்க வெட்டினா எனக்கு வயிறெரியும். நானே வெட்டிக்கிறேன். எங்கேருந்து எதுவரைக்கும்னு மட்டும் காட்டு."

அவன் காட்டினான். அவள் குனிந்து வெட்டத் தொடங்கினாள். பின்னால் ஆண்கள் மண்வெட்டியோடு வந்து தரையைச் செதுக்கினார்கள். ஜீப் திரும்புவதற்கு இடம் வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் அகலமாக்கினார்கள். முடிந்தபோது காணியின் இரண்டு ஓரத்திலும்தான் செடி மிச்சமிருந்தது.

கூட்டத்தன்று தென்னோலைத் தோரணம் கட்டி, பாலை மரத்தில் ஒலிபெருக்கியை ஏற்றியிருந்தார்கள். வேட்பாளர் ஒரு சட்டத்தரணி. வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல் ஜீப்பிலிருந்து இறங்கினார். நல்ல பேச்சாளர். மண்ணைப் பற்றியும் மானத்தைப் பற்றியும் பேசினார். மலையிலிருந்து வந்த சகோதரர்களும் நாங்களும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றார். கடைசியில், "சபை எங்கடை கைக்கு வந்த உடனை, பாலையடிக்கு ஒரு கிணறு!" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரமானது.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் ராக்காயி எழுந்து நின்றாள்.

"அவா என்னவோ சொல்லப்போறா. கதைக்கட்டும், விடுங்கோ," என்றார் வேட்பாளர் சிரித்துக்கொண்டு.

ராக்காயி கையெடுத்துக் கும்பிட்டாள். "ஐயா, ரொம்பப் புண்ணியமாப் போவுமுங்க. எங்க யாருக்குமே ஓட்டு இல்ல. அப்படியிருந்தும் இவ்வளவு தூரம் தேடி வந்திருக்கீங்க. வேற யாருங்க வருவா? எங்களுக்கு ஓட்டுக் கெடைக்கிற அன்னைக்கு உங்களுக்குத்தாங்க போடுவோம்."

வேட்பாளர் வீரகத்தியைப் பார்த்தார். வீரகத்தி பழனியாண்டியைப் பார்த்தார். பழனியாண்டி மேசையில் கிடந்த மாலையின் நாரைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"நல்லது, நல்லது," என்றார் வேட்பாளர். அதற்குப் பிறகு அவர் பேச்சில் கிணறு வரவில்லை. போட்டு வைத்த தேத்தண்ணியையும் குடிக்காமல் ஜீப்பில் ஏறினார். ஏறப்போன வீரகத்தி திரும்பி, "முதலே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, பழனியாண்டி," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஜீப் கிளப்பிய புழுதி அடங்கும்முன்பே சனம் ராக்காயியைச் சூழ்ந்துகொண்டது.

"கைக்கு வந்த கெணத்த வாயால தூத்திட்டாளே!" என்று ராசு கத்தினான். அவன்தான் பாதை வெட்டியவர்களில் முன்னுக்கு நின்றவன். "ஒன்ன யாருடி பேசச் சொன்னா?"

"நான் நல்லதுக்குத்தானே..." ராக்காயி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியில் பழனியாண்டியைப் பார்த்தாள்.

அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஓட்டைப் பற்றி மறைத்தது நான், அவளை விடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் ஒலிபெருக்கியை இறக்க மரத்தில் ஏறினான்.

அதற்குப் பிறகு தண்ணீருக்குப் போகும் பெண்கள் ராக்காயிக்காகக் காத்திருக்கவில்லை. அவள் வருவதைக் கண்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு எட்டி நடந்தார்கள். களைபிடுங்க ஆள் கூப்பிடும்போது அவளைக் கூப்பிடுவதும் நின்றது. மீனம்மாகூட, "அவ மட்டும் சும்மா கெடந்திருந்தா இந்நேரம் கெணறு வெட்ட ஆளு வந்திருக்கும்," என்றாள். பழனியாண்டி தலையைக் குனிந்து சாப்பிட்டான். கீழ்ப்பக்கத்தில் சேறில்லை என்பது மீனம்மாவுக்கும் தெரியும். அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

ஒருநாள் பின்னேரம் ராக்காயி அவன் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"அண்ணே, என் வாயால கெட்டுப்போச்சு. ஒனக்கும் தலைகுனிவு. நீ எவ்வளவு பாடுபட்ட... நான் வேணும்னு சொல்லலண்ணே. அவுங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். எல்லாருகிட்டயும் எனக்காக ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க."

அவள் தன்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள் என்று புரிய அவனுக்குச் சற்று நேரமானது. அவள் உள்ளங்கையில் கத்திப் பிடி உராய்ந்த காய்ப்பு தெரிந்தது.

"சரி, சொல்றேன்," என்றான். அவள் நம்பிக்கையோடு திரும்பிப் போனாள். அவள் திட்டியிருந்தால் அவனால் தாங்கியிருக்க முடியும்.

விடிந்ததும் மாங்குளத்துக்குச் சைக்கிளை மிதித்தான். எப்படியாவது காலில் விழுந்தாவது கிணற்றை வாங்கிவிட்டால் எல்லாப் பழியும் கழுவிப் போய்விடும் என்று அவன் மனம் கணக்குப் போட்டது.

வீரகத்தி அவனை ஏசவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார்.

"கிணறோ? உண்மையைச் சொல்லுறன், கேளும். சபை வந்தாலும் அதுக்குக் காசு வருமோ எண்டு எங்களுக்கே தெரியாது. போற இடமெல்லாம் ஒண்டு சொல்லுறம். ஒரு இடத்திலை கிணறு, ஒரு இடத்திலை மதகு. அந்தப் பிள்ளை வாய் திறக்காட்டிலும் உங்களுக்குக் கிணறு வந்திராது."

"அப்ப அவ மேல தப்பில்லீங்களா?"

"அவாவிலை என்ன பிழை? அங்கை உண்மை கதைச்சது அவா ஒராள்தான்." வீரகத்தி மில்லின் புகைப்போக்கியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நானும் பிழை, நீரும் பிழை."

வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்குப் பொங்கி, சனம் மரத்தடியில் கூடியிருந்தபோது பழனியாண்டி எழுந்து நின்றான். ராக்காயி எல்லோருக்கும் பின்னால் ஒதுங்கியிருந்தாள்.

முதல் பாதி சுலபமாக இருந்தது. கிணறு என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை, வீரகத்தி ஐயாவே சொல்லிவிட்டார், ராக்காயி பேசியதால் எதுவும் கெடவில்லை என்றான். சனம் கட்சிக்காரர்களைத் திட்டத் தொடங்கியது. ராசு ராக்காயியின் பக்கம் திரும்பி, தான் தெரியாமல் ஏசிவிட்டதாகச் சொன்னான். ராக்காயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பழனியாண்டியைப் பார்த்து நன்றியோடு சிரித்தாள்.

அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். அந்தச் சிரிப்புத்தான் அவனை உட்கார விடவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றான். "நம்மகிட்ட எத்தன ஓட்டுன்னு அவரு மொதல்லயே கேட்டாரு. இல்லன்னு நான் சொல்லல. அதவிட... கீழ்ப்பக்கம் சேறில்ல. கல்லுத் தரை. என் மொளகா போயிரும்னுதான் மேல்பக்கம் காட்டினேன்."

கூட்டம் இரைந்தது. ராசு எழுந்து வந்து அவன் சட்டையைப் பிடித்தான். இனி நீ தலைவனில்லை என்று யாரோ கத்தினார்கள். அதெல்லாம் அவனுக்குத் தூரத்தில் நடப்பதுபோல இருந்தது. ராக்காயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் முன்னால் வந்தாள்.

"அன்னைக்கே தெரியுமா? வேற வழியே இல்லியான்னு கேட்டேனே, அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"நானே வெட்டினேனே," என்றாள் அவள். ராசுவின் கை தானாகவே சட்டையிலிருந்து கழன்றது.

"என் தோட்டத்துல உள்ளது இந்தப் போகம் பூரா ஒனக்கு," என்றான் பழனியாண்டி. அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

ஆனால் மறுநாள் காலையில் அவள் சாக்கோடு வந்தாள். வாசலில் நின்று குரல் கொடுக்கவில்லை. நேரே வேலியைத் தாண்டிப் போய், முதல் வரிசையிலிருந்து பழம் ஆயத் தொடங்கினாள். மீனம்மா குசினிக்குள் போய்ப் படலைச் சாத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது. பழனியாண்டி எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் முற்றத்தில் நின்றான். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேல்பக்கம் போய், ஜீப் அழுத்திப்போன தரையைக் கொத்தத் தொடங்கினான். எள்ளு இனி இந்த வருடம் வராது. மாரிக்கு முன் மண்ணாவது இளகியிருக்கட்டும்.

பழம் பழுக்கப் பழுக்க அவள் வந்தாள், ஆய்ந்துகொண்டு போனாள். அவனோடு பேசவில்லை. பெண்கள் மறுபடியும் அவளைத் தண்ணீருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சங்கத்துக்கு ராசு தலைவனானான்.

வாக்களிப்பு நாளன்று பெரிய றோட்டில் காலையிலிருந்தே ட்ரக்டர்களும் வான்களும் ஓடின. பள்ளிக்கூடத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகிறார்கள். பாலையடிக்குள் ஒரு வாகனமும் திரும்பவில்லை. எல்லோரும் வழக்கம்போலத் தங்கள் தங்கள் காணியில் நின்றார்கள்.

ராக்காயி மிளகாய்த் தோட்டத்தின் கடைசி வரிசையில் ஆய்ந்துகொண்டிருந்தாள். பழனியாண்டி கொஞ்சம் தள்ளி நின்று, பேசலாமா என்று யோசித்து, கடைசியில் பேசினான்.

"ராசு சொல்றான், ஆவணிக்கு முன்னாடி கெணத்த நாமளே வெட்டிரலாமாம். நானும் எறங்குறேன்னு சொல்லியிருக்கேன். பள்ளத்தோரம் தண்ணி கிட்டத்துலயே வரும்னு நெனைக்கிறேன்."

அவள் கையை நிறுத்தவில்லை. ஒரு பழத்தைப் பிடுங்கி, காம்பைப் பார்த்து, சாக்கில் போட்டாள்.

"எங்க வெட்டறதுன்னு எல்லாரும் வந்து பாக்கட்டும்," என்றாள். "நீயா எடம் சொல்லாத."

"சரி," என்றான்.

அவள் அடுத்த செடிக்கு நகர்ந்தாள். றோட்டில் ஒரு ட்ரக்டர் சனத்தோடு போய்க்கொண்டிருந்தது.