மச்சான் பேரில் ஒரு கேஸ்

படியில் ஏறுவதா, லிஃப்டில் ஏறுவதா என்று நானும் ராமாமிர்தமும் அவன் பட்டறையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது.

ராமாமிர்தம் என் மனைவி கொளஞ்சியம்மாளுக்குத் தம்பி. கடலூர் முதுநகரில் கிரில் பட்டறை வைத்திருக்கிறான். பெண்டாட்டி செத்துப் பத்து வருஷம். ஒரே மகள் சந்திரலேகா கம்ப்யூட்டர் வேலையில் பெல்ஜியத்தில் இருந்தாள். மே மாதம் அப்பாவை அழைத்து இருபது நாள் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. போய் இறங்கியதும் வருகிற முதல் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பாரிஸ். அவள் ஊரிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம்தானாம். ஜூன் கடைசியில் அவளுக்கு அங்கே வேலை முடிகிறது, பெங்களூருக்குத் திரும்பிவிடுவாள். இந்த மே மாதத்தை விட்டால் வேறு மே மாதம் கிடையாது. இது நடந்தது 2009 மார்ச்சில்.

சந்திரலேகா அனுப்பிய திட்டத்தை பிரவுசிங் சென்டரில் காகிதமாக எடுத்து, பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தான். வெள்ளி சாயங்காலம் ரயில். சனி காலை ஒன்பது மணிக்கு டவர். பிறகு ஆற்றில் படகு. ஞாயிற்றுக்கிழமைக்கு அவள் ஏதோ மியூசியம் போட்டிருந்தாள். இவன் அதை அடித்துவிட்டு மறுபடியும் டவர் என்று எழுதி வைத்திருந்தான்.

முப்பது வருஷத்துக்கு மேல் வெல்டிங் வைக்கிறவன். அந்த டவரில் ஒரு இடத்தில்கூட வெல்டிங் கிடையாது, எல்லாம் பழுக்கக் காய்ச்சி அடித்த ரிவெட் ஆணி, மொத்தம் இருபத்தைந்து லட்சம் என்று யாரோ சொன்ன நாளிலிருந்து அவனுக்கு அதே நினைப்பு.

"படியிலதான் மாமா ஏறணும். லிஃப்ட்டுல போனா ஒரு ரிவெட்டையும் பாக்க முடியாது. நின்னு, கைய வச்சிப் பாத்து, அப்புறம் ஏறணும்."

"எத்தினி படி?"

"எழுநூறுன்னு பாப்பா சொல்லுது."

"மூட்டுக்குத் தைலம் போடுற ஆளு நீ. எழுநூறாம் படியில குந்திக்குவ. வெள்ளக்காரன் வந்து தூக்குவானா?"

"நீங்க வேணா தூக்க வாங்களேன். பாப்பா உங்களையுந்தான் கூப்புட்டுது. பாஸ்போர்ட்டுக்கு எழுதுங்கன்னா கையெழுத்துப் போட மாட்டேங்கிறீங்க."

"எழுதிக் குடுத்தா சர்க்காரு அத எதுல கொண்டு போயி சேக்குமோ. எனக்கு வேணாம்."

அப்போதுதான் போன் அடித்தது. எடுத்துப் பேசினான். முதலில் சிரித்தான், பிறகு சிரிப்பு நின்றது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"பாஸ்போர்ட் விசாரணைக்கு நம்ப ஊர் ஸ்டேஷன்ல பேசுறாங்க. எம்பேர்ல ஒரு பழைய கேஸ் இருக்காம் மாமா. பஸ்ஸு கண்ணாடி ஒடச்ச கேஸு. எம்பத்தொண்ணாம் வருஷம். நாளைக்கு வரச் சொல்றான்."

அவனுடைய ரேஷன் கார்டு இன்னும் ஊர் வீட்டு முகவரியில்தான் இருந்தது. அதை வைத்துத்தான் பாஸ்போர்ட்டுக்கு எழுதியிருந்தான். அதனால் விசாரணை ஊர் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறது.

"எம்பத்தொண்ணுல நா பம்பாயில இல்ல இருந்தேன்? கப்பல் பட்டறையில. வேற எவன் கேஸோ, எந்தலையில வச்சிருக்கானுவோ."

அது எவன் கேஸ் என்று எனக்குத் தெரியும். என்னுடையது.

கரும்பு விலைக்காக எங்கள் ஊர் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டு மறித்தோம். சிதம்பரத்திலிருந்து வந்த பஸ் ஒன்று நிற்காமல் ஓரமாகப் போகப் பார்த்தது. கல் பறந்தது. கல்லை எறிந்தது நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். டிரைவருக்கு நெற்றியில் ரத்தம். போலீஸ் வந்து பதினோரு பேரை வேனில் ஏற்றினார்கள். வேன் கிளம்புமுன் பின்னாலிருந்து ஒருவன், "எவனும் சொந்தப் பேரச் சொல்லாதீங்கடா" என்றான். ஒருவன் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் பெயரைச் சொன்னான், ஒருவன் செத்துப்போன தன் சித்தப்பா பெயரைச் சொன்னான். நான் ராமாமிர்தம் என்றேன். அப்பன் பெயர் கேட்டார்கள். என் மாமனார் பெயரைச் சொன்னேன், கண்ணாயிரம். தெருவையும் சொன்னேன். பம்பாயில் கிடக்கிறவனை எவன் தேடிப் போவான் என்று நினைத்தேன். ஜாமீனில் வந்த பிறகு கோர்ட் பக்கம் தலை வைக்கவில்லை. போலீஸ் ஒரு தடவை ஊருக்கு வந்து ராமாமிர்தம் எங்கே என்று கேட்டார்கள். பம்பாய் என்று ஊரே சொன்னது, பொய்யில்லை. போய்விட்டார்கள்.

சர்க்கார் காகிதத்தில் பெயர் ஏறினால் பிள்ளை குட்டி வரைக்கும் அது விடாது என்று நான் நம்பினேன். அது சரிதான். யாருடைய பிள்ளை வரைக்கும் என்று யோசிக்கவில்லை.

சாயங்காலம் பஸ் ஏறிச் சிதம்பரத்தில் என் வீட்டுக்கு வந்தேன். கொளஞ்சியம்மாள் சந்திரலேகாவுக்குக் கொடுத்து அனுப்பப் பருப்புப்பொடிக்கு வறுத்துக்கொண்டிருந்தாள். தம்பி அதற்குள் போனில் அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தான்.

"நாளைக்கு நீங்களும் கூடப் போங்க. அவன் கோவக்காரன். ஸ்டேஷன்ல கத்தித் தொலைப்பான்."

"நா எதுக்கு?"

"எதுக்கா? அவனுக்கு வேற யாரு இருக்கா? எந்தப் பொறம்போக்கு அவன் பேரக் குடுத்துச்சோ, அது நல்லா இருக்குமா?"

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இடது கையைத் தொடைக்கடியில் வைத்திருந்தேன். இடது மோதிர விரலில் பாதி எனக்குக் கிடையாது. சின்ன வயதில் கரும்பு ஆலையில் போனது. கல் எறிந்து பிடிபட்ட அன்றைக்கு ஸ்டேஷனில் ஒரு ஏட்டு என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து அதை எழுதிக்கொண்டது ஞாபகம் வந்தது.

"கொளஞ்சி."

"என்னா?"

"ஒண்ணுமில்ல. மோர் ஊத்து."

இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். வாயைத் திறக்கக் கூடாது. அறுபத்தெட்டு வயசில் என்னை உள்ளே வைத்தால் யார் வருவார்கள்? பாரிஸ் போகாவிட்டால் ராமாமிர்தத்துக்கு என்ன குறைந்துவிடும்? டவர் ஒன்றைப் பார்க்க மாட்டான். உலகத்தில் எத்தனையோ பேர் பார்க்காமல் செத்திருக்கிறார்கள்.

மறுநாள் பத்து மணிக்கு ஸ்டேஷன் வாசலில் ராமாமிர்தம் வெள்ளைச் சட்டை போட்டு நின்றான். அக்குளில் ஒரு மஞ்சள் பை. நான் இடது கையை வேட்டி மடிப்புக்குள் விட்டுக்கொண்டேன்.

ஏட்டு ராஜமாணிக்கம் கெட்ட ஆள் இல்லை. எங்களுக்கு பெஞ்சைக் காட்டினார். தடியான பழைய நோட்டு ஒன்றைப் பிரித்து வைத்திருந்தார், ஓரமெல்லாம் செல்லரித்தது.

"ராமாமிர்தம், தகப்பனார் கண்ணாயிரம், மேலத்தெரு. நீங்கதானே?"

"நாந்தான் சார். ஆனா அந்த ஆளு நா இல்ல. நா அப்ப பம்பாய்."

"ஆதாரம்?"

மஞ்சள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். கப்பல் ஒன்றின் முன்னால் நாலு பேரோடு நிற்கிற போட்டோ. கம்பெனி முத்திரை அழிந்துபோன ஒரு அட்டை. மூன்று கடிதங்கள். ஏட்டு போட்டோவைத் திருப்பிப் பார்த்தார்.

"தேதியே இல்லியே பெரியவரே."

"கப்பலு இருக்குதே சார்."

"கப்பல சாட்சிக்குக் கூப்புட முடியுமா?"

ராமாமிர்தம் சிரிக்கவில்லை. "சார், அடுத்த மாசம் இருபதாம் தேதிக்குள்ள பாஸ்போர்ட் வரலன்னா விசாவுக்கு நாள் பத்தாது. எம்பொண்ணு ரயிலுக்குக்கூட டிக்கெட் போட்டுடுச்சி."

"எனக்குப் புரியுது. ஆனா வாரண்ட் நிலுவையில இருக்கு. கேஸு இல்லன்னு நா எழுதினா நாளைக்கு என்னக் கேப்பாங்க. வெள்ளிக்கிழம ரிப்போர்ட் போவணும்."

"வேற வழியே இல்லியா சார்?"

ஏட்டு பேனாவால் மேசையில் தட்டினார். "கோர்ட்டுல அந்தக் கேஸ் கட்டு கெடக்கும். கைது பண்ணப்ப அங்க அடையாளம் எழுதியிருப்பாங்க. அது உங்களுக்குப் பொருந்தலன்னா நீங்க வேற ஆளுன்னு சொல்லலாம். மனுப் போட்டு எடுக்கணும். பழைய கட்டு. மூணு மாசமாவது ஆவும்."

"மூணு மாசத்துல அவ இங்க வந்துடுவா சார்."

அப்புறம் அவன் செய்த காரியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. எழுந்து நின்று கை கூப்பினான். ராமாமிர்தம் யாரிடமும் கை கூப்பி நான் பார்த்ததில்லை. பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டரிடம்கூடச் சண்டைதான் போட்டான்.

"ஒரே ஒரு தடவ சார். ரெண்டே நாளு. பாத்துட்டு வந்து நீங்க கூப்புட்ட எடத்துக்கு வரேன்."

"உக்காருங்க. கும்புடாதீங்க. என் கையில இல்ல."

அவன் உட்காரவில்லை. போட்டோவையும் அட்டையையும் பைக்குள் போட்டான். போட்டோ நேராக உள்ளே போகவில்லை, மூலை மடங்கியது. அதை விரலால் நீவினான்.

"வாங்க மாமா, போவலாம். டவரு எங்க ஓடிடப் போவுது." வாசல் வரை போனவன் திரும்பினான். "எம்பேரக் குடுத்தவன் மட்டும் கையில கெடச்சான்னா, வெல்டிங் ராடாலயே சுடுவேன் சார். இப்பவே சொல்லிட்டுப் போறேன். அதுக்கு ஒரு கேஸ் எழுதிக்கங்க. அது எங்கேஸு."

நான் பெஞ்சிலேயே இருந்தேன். எழுந்தால் கதை முடிந்தது. அவனோடு டீக்கடைக்குப் போய் எவனோ ஒருவனைத் திட்டிவிட்டு பஸ் ஏறி வந்துவிடலாம். கால் எழவில்லை.

"மாமா, வாங்க."

"ஏட்டய்யா," என்றேன். "அந்தக் கட்டுல என்னா அடையாளம் எழுதியிருக்கும்னு நா சொல்லட்டா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வேட்டி மடிப்பிலிருந்து கையை எடுத்து மேசை மேல் வைத்தேன், நோட்டுக்குப் பக்கத்தில்.

"எடது கை மோதிர வெரலு பாதி இல்ல. இன்னொண்ணு, முதுகுல தழும்பு. ரெண்டும் இருக்கும். எம்பேரு கலியமூர்த்தி. பேரு மட்டுந்தான் அவன்து, கல்லு என்னுது."

ஏட்டு என் விரலைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். நான் வாசலைப் பார்க்கவில்லை. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்தில் வந்து நின்றான். அடிப்பான் என்று கழுத்தைச் சுருக்கிக்கொண்டேன். அடிக்கவில்லை.

"இருவத்தெட்டு வருஷம்," என்றான் ஏட்டிடம். என்னிடம் இல்லை. "எங்கூட ஒண்ணா சாப்புட்ட ஆளு சார் இது."

வெளியே போய்விட்டான். பஸ் ஸ்டாப்பில் நான் போய் நின்றபோது சிதம்பரம் பஸ் வந்தது. என்னோடு ஏறக் கூடாது என்று அவன் அடுத்த பஸ்ஸுக்கு நின்றுகொண்டான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் காகித வேலை. ஏட்டு நான் சொன்னதை எழுதி என் கைநாட்டையும் கையெழுத்தையும் வாங்கினார். என் சொந்தப் பெயரை சர்க்கார் காகிதத்தில் நானே எழுதினேன். எழுத்து இரண்டு தடவை கோணிக்கொண்டது. லூர்துசாமி என்று ஒரு வக்கீல், என் மகனுக்குத் தெரிந்தவர், என்னைக் கோர்ட்டில் சரணடைய வைத்து, அந்தக் கேஸ் கட்டை எடுக்க மனுப் போட்டார். ஆள் கையில் இருந்ததால் கட்டு மூன்று வாரத்தில் வந்தது. விரல் இருந்தது, தழும்பு இருந்தது. ராமாமிர்தத்தின் பெயர் கேஸிலிருந்து நீங்கியது. இருபதாம் தேதி தாண்டி நாலு நாள் கழித்து அவனுக்குப் பாஸ்போர்ட் வந்ததாகக் கொளஞ்சியம்மாள் சொன்னாள். அவளும் அந்த மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. சோறு வைப்பாள், தட்டு சத்தம் போடும்.

எனக்குத் தீர்ப்பு ஏப்ரல் கடைசியில். கல் எறிந்தேன், வேறு பெயரும் கொடுத்தேன் என்று ஒத்துக்கொண்டேன். வயதைப் பார்த்தார்கள் போல. கடலூர் கோர்ட் கலையும் வரை உள்ளேயே இருக்க வேண்டும், அதுதான் தண்டனை. காலையிலிருந்து சுவரோரம் உட்கார்ந்து அடுத்தவன் கேஸையெல்லாம் கேட்டேன். மதிய இடைவேளையில், போலீஸ்காரர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, வராண்டா பெஞ்சில் உட்காரவிட்டார்கள்.

ராமாமிர்தம் படியேறி வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தான். நடுவில் இரண்டு பேர் உட்காரலாம், அவ்வளவு இடம்.

"எத்தினி மணிக்கு வுடுவான்?"

"அஞ்சுக்குக் கலையும்ங்கிறாங்க."

"நாளைக்கு மெட்ராஸ் போறேன். விசாவுக்கு. பாப்பா டிக்கெட்டத் தள்ளிப் போட்டுடுச்சி."

"டவரு படியா, லிஃப்ட்டா?"

ஃபைலைத் திறந்து ஒரு பாரத்தை எடுத்து மடி மேல் வைத்தான்.

"படிதான்," என்றான். "இதுல ஒண்ணு கேக்குறான். எனக்கு ஏதாவது ஆச்சின்னா இங்க யாருக்குச் சொல்லணும்னு. பேரு, அப்பா பேரு, தெரு, எல்லாம் போடணும். உங்க பேரப் போட்டிருக்கேன். படியில வுழுந்தா உங்களுக்குத்தான் போன் வரும்."

பாரத்தை நீட்டினான். கட்டத்துக்குள் என் பெயர் இருந்தது. முழுப் பெயர், என் அப்பன் பெயரோடு, சிதம்பரம் வீட்டு நம்பரோடு. பேனா மையில், அழிக்க முடியாதபடி.

"வெளிநாட்டு சர்க்கார் காகிதம்டா இது," என்றேன். "என்ன ஒரு வார்த்த கேக்காம எம்பேர எப்படிக் குடுத்த?"

அவன் பாரத்தை என் கையிலிருந்து வாங்கி, மடிக்காமல் ஃபைலுக்குள் வைத்தான்.

"நீங்க கேட்டீங்களா மாமா?"