கரையில் ஊற்றிய மருந்து

மூன்று வருஷமாக அக்காவின் எண்ணிக்கை குறைவாகவே வந்தது. கடலாய்வுக்கூடத்தில் அவளுக்கு அதுதான் வேலை. வாரம் ஒரு முறை படகில் வலை இழுத்துக் கொண்டுவரும் போத்தலைத் திறந்து, குட்டி இறால் போல, மணல் பொடி அளவே இருக்கும் துடுப்புக்காலிகளை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். கழுத்தும் போனது, கண்ணும் போனது. முன்பு ஆயிரம் கிடைத்த இடத்தில் இப்போது முந்நூறு தேறினால் பெரிய விஷயம். ஜெல்லி மீன்களும் அம்புப்புழுக்களும் பெருகி அத்தனையையும் தின்று தீர்க்கின்றன என்று இயக்குநர் அறிக்கையே எழுதிவிட்டார். வெள்ளிக்கிழமை அது மேலே போகிறது.

அந்தத் திங்கட்கிழமை, எண்ணி எண்ணி அலுத்துப்போய், போத்தலில் கிடந்த நகக்கண் அளவு ஜெல்லி மீன் ஒன்றின் வயிற்றைக் கீறிப் பார்த்தாள். உள்ளே பதினேழு துடுப்புக்காலிகள். தின்பதில் என்ன அதிசயம், அதன் பிழைப்பே அதுதான். ஆனால் பதினேழில் ஒன்றுகூடச் செரிக்கவில்லை, மீசைகூட அப்படியே இருந்தது. சாவதற்குச் சற்று முன்னால்தான் விழுங்கியிருக்கிறது. வலை இழுப்பவனைக் கூப்பிட்டாள்.

வலை இழுப்பவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. நாலு இடத்தில் வேலைக்குப் போய் நாலிலும் நிலைக்காதவனை, அவர் இவர் கையைக் காலைப் பிடித்து மூன்று வருஷம் முன்பு சேர்த்துவிட்டவளே அவள்தான். வலையைத் தூக்கிய கையோடு, எல்லாவற்றையும் அப்போதே கொன்று கெடாமல் வைக்கும் ஃபார்மலின் மருந்தைப் போத்தலில் ஊற்றிவிட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஊற்றுகிறாயா என்று இப்போது கேட்டாள்.

"கரைக்கு வந்துதான்க்கா ஊத்துவேன். படகுல காத்துக்குக் கண்ணெல்லாம் எரியுது. ரெண்டு மணி நேரத்துல அதெல்லாம் எங்க ஓடிடப் போகுது?"

"எங்கயும் ஓடலடா. உள்ளயே ஒண்ணை ஒண்ணு தின்னுக்கிட்டு வருது."

கடலில் தேடி அலைந்து பிடிக்க வேண்டிய இரையை ஒரே போத்தலில் நெருக்கி அடைத்துக் கொடுத்தால் எதுதான் சும்மா இருக்கும்? அவனுக்குப் புரிந்தது. சொன்னால் வேலை போய்விடுமா என்று கேட்டான். போய்விடும் என்றுதான் அவளும் நினைத்தாள்.

வெறும் சந்தேகத்தை இயக்குநரிடம் கொண்டுபோக முடியாது. அதனால் புதன்கிழமை அவனிடம் இரண்டு போத்தல் கொடுத்தாள். ஒரே வலை, பாதிப் பாதி. ஒன்றில் படகிலேயே ஊற்ற வேண்டும், மற்றதில் கரையில். இரண்டிலும் ஒரே நேரத்தில் ஊற்றிவிட்டால் எண்ணிக்கை ஒத்துப்போகும், அவன் வேலையும் தப்பும். நடுக்கடலில் யார் பார்க்கப் போகிறார்கள்? அது அவனுக்கும் தெரியும். அப்படியே செய்துவிடேன்டா என்று அவள் மனசு கெஞ்சியது. இத்தனை வருஷம் எண்ணியதெல்லாம் இதற்குத்தானா என்று வெட்கமாகவும் இருந்தது.

வியாழக்கிழமை எண்ணினாள். படகில் ஊற்றியதில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு. அடுத்ததைத் தட்டில் கொட்டினாள். நூற்று நாற்பது. மறுபடி எண்ணினாள். அதேதான்.

பாவிப்பயல், ஒரு நாளும் உருப்படியாக வேலை செய்யாதவன், இன்றைக்குப் பார்த்துத்தானா செய்ய வேண்டும்? அவளுக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு எண்களையும் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தம்பி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"சரியா ஊத்தினேனாக்கா?"

"சரியாதான்டா ஊத்தியிருக்க," என்று சொல்லிவிட்டு இயக்குநரின் கதவைத் தட்டினாள்.