புளி போட்டு விளக்கிய காசு

எங்கள் ஊர்க் கடைவீதியில் பழைய செப்புக்காசைச் சுண்டினால், அதை அந்தக் காலத்தில் கையில் வாங்கியவர்கள் அப்போது என்ன சொன்னார்களோ அதைச் சொல்லும். இந்த விஷயத்தில் ஒரு சிரிப்பு இருக்கிறது. ஆனால் அது சாயங்காலப் பேருந்தில்தான் வரும். அதுவரை பொறுத்திருங்கள். நானும் பொறுத்துத்தான் இருந்தேன்.

காசு வாங்கி விற்பவர் என் மாமா பூவராகன். திரும்ப விலை போகுமா என்பதைக் குரலை வைத்தே முடிவு செய்வார். "இதை வச்சு என்னத்தை வாங்க?" என்று முனகும் காசுகளை அவர் தொடுவதில்லை. அந்த முனகல் எல்லா வீட்டிலும் இலவசமாகக் கிடைக்கிறது. அரண்மனை ஆட்கள் யாராவது பேசினால் வாங்கலாம். ஆனால் அண்மையில் அவர் வாங்கிய காசுகள் எல்லாம் வீட்டுக்கு வந்ததும் ஊமையாகிவிட்டன.

"இன்னொரு ஊமைக்காசு இந்தப் படியேறுச்சுன்னா, கடையைக் காலி பண்ணி மாவு மில்லு வச்சிருவேன், பாத்துக்கிடுங்க" என்று செண்பகம் அத்தை சொல்லிவிட்டாள். மோட்டார்கூடப் பார்த்து வைத்துவிட்டாள். மாமாவுக்கு மாவு வாசனை பட்டாலே தும்மல் நிற்காது.

அன்று மதியம் பாக்கியத்தாய் என்ற பெண், கிணறு தூர்வாரும்போது கிடைத்ததென்று ஒரு காசைக் கொண்டுவந்தாள். கண் கூசியது.

"புளி போட்டு வெளக்கினியாம்மா?" என்றார் மாமா.

"அழுக்கோட எப்படிண்ணே ஒருத்தர் கையில குடுக்க?"

மாமா வாயை மூடிக்கொண்டார். புளி பட்டால் உள்ளே இருக்கும் குரல் கழுவிப் போய்விடும். வெறுங்காசு பக்கத்தில் யார் பேசினாலும் அந்தக் குரலை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் எங்கள் வீதியில் விளக்கிய காசுக்குப் பேரம், பேச்சில்லாமல், துண்டுக்குள் விரல் பிடித்து விலை காட்டி நடக்கிறது. எங்காவது அடியில் கொஞ்சம் குரல் ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் சுண்டிப் பார்ப்பார்கள்.

மாமா சுண்டினார். சத்தமில்லை. பேரமே வேண்டாமென்று துண்டை எடுத்துத் தோளில் போடப் போனார்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. வெறுங்காசு எந்தக் குரலை வேண்டுமானாலும் எடுக்குமென்றால், இல்லாத ஆளின் குரலையும் எடுக்குமா? ஊரில் நான் பேசாத குரல் கிடையாது. அத்தை குரலில் கூப்பிட்டு மாமாவைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பியிருக்கிறேன். தலைமையாசிரியர் குரலில் பள்ளிக்கு விடுமுறை விட்டிருக்கிறேன். மாமா மறுபடி சுண்டியபோது, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அரண்மனைச் சமையல்காரனாகப் பேசினேன்: "உப்பு கூடிப்போச்சு, ராசாகிட்ட யாரும் மூச்சுவிடாதீங்க."

மாமாவின் காது சிவந்தது. மறுபடி சுண்டினார். குதிரை வியாபாரியானேன்: "பல்லைப் பாக்காம குதிரை வாங்குத மொத ஆளு நீருதான்வே."

இன்னொரு முறை. பழைய குரல்கள் தீர்ந்துவிட்டன. "போலாம் ரைட்!" என்றேன்.

மாமா சற்று யோசித்தார். பிறகு காசுக்கு விலையாக, வாசலில் நின்ற தன் சைக்கிளைக் காட்டினார். கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது, யாருக்கும் இரவல் தராதது. பாக்கியத்தாய் அதன் மணியை அடித்து, காது கொடுத்துக் கேட்டாள். தலையசைத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போனாள்.

அப்போதே சிரித்திருக்கலாம். வாங்க வருகிறவர் காசைச் சுண்டி, அது பேசாமல் போகும்போது சிரிப்போம் என்று அடக்கிக்கொண்டேன்.

சாயங்காலம் மதுரையிலிருந்து, வழக்கமாகக் காசு வாங்கும் ஞானசிகாமணி சார் வந்தார். சுண்டினார். சமையல்காரன் பேசினான். குதிரை வியாபாரி பேசினான். "போலாம் ரைட்" என்றது காசு.

"இது யாருய்யா?"

"பல்லக்கு தூக்குதவங்களுக்கு மேஸ்திரி சார்" என்றார் மாமா.

சார் திருப்தியாகப் பணம் கொடுத்தார். நான் "மாமா" என்று கூப்பிட்டேன். என் வாயிலிருந்து ணங் என்று கேட்டது.

"சத்தம் நல்லா கனிஞ்சு வருதுல்லா" என்று, காசுதான் ஒலித்ததென்று நினைத்து, சாரிடம் சொல்லிக்கொண்டே மாமா அவரைப் பேருந்துவரை கொண்டுவிட்டார். நானும் பின்னால் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் சார் இன்னொரு முறை சுண்டினார். "போலாம் ரைட்!" ஓட்டுநர் வண்டியை எடுத்தார். நடத்துநர் டீக்கடையிலிருந்து ஓடினார். அப்போது அந்த ஜன்னலிலிருந்து சிரிப்பு வந்தது. மதியத்திலிருந்து நான் அடக்கி வைத்திருந்தது. மூக்கால் ஆரம்பித்து, விக்கலில் முடிந்து, மறுபடி ஆரம்பிப்பது. வளைவு திரும்பும்வரை கேட்டது.

மாமா அசையாமல் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏல மாப்ளே, அது உன் சிரிப்புல்லா?"

ணங் என்றேன்.

மாமா பணத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கிட்டே வந்து என் நெற்றியைச் சுண்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். வாயை மூடிக்கொண்டார். தோளிலிருந்த துண்டை உதறி என் கைமேல் போட்டு, உள்ளே இரண்டு விரலைப் பிடித்தார்.

நான் மூன்றை நீட்டினேன்.