பாலைவனத்துக்கு ஒரு டம்ளர்

எங்கள் நாட்டில் மழையை மலையில் கொடுக்கிறார்கள். குடும்பத்துக்கு வருடம் ஒரு மழை. தூக்குவாளியில் வாங்கி, மூடி, வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்துகொள்ள வேண்டும்.

அன்று நான் போனது என் தங்கை செண்பகவல்லிக்காக. அவளுக்கு வலி எடுத்துவிட்டது. எங்கள் நாட்டில் பிள்ளை பிறந்ததும் அதன்மேல் ஒரு துளியாவது மழை விழ வேண்டும். விழாவிட்டால் பாலைவனம் பிள்ளையைக் கொண்டுபோய்விடும். பகை ஒன்றும் இல்லை. வழக்கம் அப்படி.

மலையடிவாரத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது. உள்ளே ஓர் அம்மாள் மேகங்களை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“யாருக்கு?”

“தங்கச்சிக்குப் பிரசவம்மா.”

“எத்தனை பேர் நனையணும்?”

“ஒருத்தர். இன்னும் பிறக்கல.”

“பிறக்காதவங்களுக்குச் சின்ன மழைதான்.”

“இடி இருக்குமா?”

“கேட்டா வைப்போம். பிள்ளை பயந்துக்கும். வேணாம்.”

வாளியை வாங்கிக்கொண்டு ஓடினேன். மழை உள்ளிருந்து மூடியைத் தட்டிக்கொண்டே வந்தது.

எங்கள் நாட்டில் தூரத்தை மைல்கற்கள்தான் முடிவு செய்கின்றன. கல்லில் என்ன எழுதியிருக்கிறதோ அவ்வளவு தூரம். கல்லுக்கு மனசு மாறினால் தூரமும் மாறிவிடும். அதனால் மைல்கல்லைத் தாண்டும்போது மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொள்வோம். அவசரத்தில் நான் அதை மறந்துவிட்டேன்.

முதல் கல் ஐந்து என்றது. அடுத்த கல் பதினான்கு என்றது. தூரத்தில் தங்கையின் வீட்டுக் கூரை தெரிந்துகொண்டிருந்தது. கூச்சப்பட்டவர் பின்னால் நகர்வதுபோல் அது நகர்ந்துகொண்டே போனது.

வெயில் என் தோளுக்கு மேலாக எட்டி வாளியைப் பார்த்தது. தட்டும் சத்தம் குறைந்தது.

மூன்றாவது கல் குணசீலன். போன பங்குனி வரை என் பக்கத்து வீட்டுக்காரர். செருப்பு வாரைச் சரிசெய்யச் சாலையோரம் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. அவர் மனைவி வந்து பார்த்தாள். “அரசாங்க வேலைதானே” என்று திரும்பிப் போய்விட்டாள்.

“என்னண்ணே, வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு ஓடுறீங்க. கல்லுன்னா மரியாதை இல்லையா?” என்றார்.

“மன்னிச்சிருங்க குணசீலன்.” வேட்டியை இறக்கிவிட்டேன். “தங்கச்சிக்கு வலி. இன்னும் எவ்வளவு தூரம்?”

“இருபத்தாறு.”

“காலையில வர்றப்ப மூணுதானே?”

“காலையில எனக்குத் தாகம் இல்ல.”

அவர் மிரட்டவில்லை. முகத்தில் அடித்திருந்த சுண்ணாம்பு வாயோரம் வெடித்திருந்தது.

தாகம் என்று சொல்கிறவரிடம் நியாயம் பேசுவது பாவம். மூடியை விரலளவு திறந்தேன். குணசீலன் மேல் மட்டும் மழை பெய்தது. நான் நினைத்ததைவிட அதிக நேரம் பெய்தது.

“போதுமா?”

“நீங்களே நிறுத்துங்கண்ணே. எனக்குப் போதும்னு சொல்ல வரல.”

மூடினேன். வாளிக்குள் சத்தமே இல்லை. காதை வைத்துக் கேட்டபோது லேசாக ஒரு சலசலப்பு இருந்தது.

“தூரம்?”

“ரெண்டு. அதுக்குக் கீழ குறைக்க எனக்கு அதிகாரம் இல்ல.”

அந்த இரண்டையும் ஓடிக் கடந்தேன்.

தங்கை வீட்டு வாசலில் பாலைவனம் உட்கார்ந்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில், கைகளை மடியில் வைத்து, நிமிர்ந்து. அதன் காலடியில் கோலம் மணலுக்குள் போய்விட்டிருந்தது. செம்பருத்திச் செடி காய்ந்து நின்றது. தங்கையின் கணவர் தணிகாசலம் சுவரோடு சுவராக ஒட்டியிருந்தார்.

“மச்சான், மழை?”

“இருக்கு மாப்பிள்ளை. கொஞ்சம்தான். இவங்க எப்ப வந்தாங்க?”

“விடியறப்பவே. ஒரு வார்த்தை பேசல.”

“குடிக்கத் தண்ணி கொடுத்தீங்களா?”

“பிள்ளையத் தூக்கிட்டுப் போக வந்தவங்களுக்கா?”

உள்ளே தங்கை அலறினாள். “தலை தெரியுது! மழையக் கொண்டாங்க!” என்று மருத்துவச்சி சிவகாமியம்மாள் கத்தினாள்.

நான் படியில் கால் வைத்தேன். வாசலில் ஒருவர் வாய் காய்ந்து உட்கார்ந்திருக்க, எங்கள் குடும்பத்தில் யாரும் அவரைத் தாண்டிப் போனதில்லை. என் கை ஜன்னலில் இருந்த டம்ளரை எடுத்தது. வாளியைச் சாய்த்தது. டம்ளர் முக்காலுக்கு நிறைந்தது. வாளி காலியானது.

நீட்டிய பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரிந்தது.

“மச்சான்!” என்றார் தணிகாசலம்.

பாலைவனம் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டது.

“எனக்கா?”

“வெயில்ல வந்திருக்கீங்க.”

“வெயில் என்னோடதுதான்.”

“இருந்தாலும்.”

அது உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்தது. டம்ளரின் அடியைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு எழுந்து வீட்டுக்குள் போனது.

தணிகாசலம் கைகளை விரித்துக் குறுக்கே நின்றார். மணலைக் கைகளால் நிறுத்த முடியாது. அது அவரைச் சுற்றிக்கொண்டு போனது. நான் பின்னால் ஓடினேன். சாமி பெயர் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. “ஐயா, ஐயா” என்று மட்டும் சொன்னேன்.

பிள்ளை பிறந்திருந்தது. அழவில்லை.

“மழை எங்கே?” என்றாள் சிவகாமியம்மாள்.

தங்கை என்னைப் பார்த்தாள். நான் வாளியைப் பார்த்தேன்.

பாலைவனம் பிள்ளையின் மேல் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டியது. அப்போது அதன் நெற்றி ஈரமானது. அதற்கு வியர்த்தது. இதற்குமுன் வியர்த்ததில்லை போலிருக்கிறது; அது பயந்துபோய் அப்படியே நின்றது. ஒரு துளி மூக்கு நுனிவரை இறங்கித் தொங்கியது. பிறகு பிள்ளையின் நெஞ்சில் விழுந்தது.

பிள்ளை அழுதது.

சிவகாமியம்மாள் அந்தத் துளியைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“உப்புக் கரிக்குது.”

“மழைதானாம்மா?” என்று தணிகாசலம் கேட்டார்.

அவள் யோசித்தாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்தோம். பாலைவனமும் பார்த்தது.

“மேலேயிருந்துதானே விழுந்தது” என்றாள்.

பாலைவனத்தின் கைகள் நீட்டியபடியே இருந்தன. அவற்றை இனி எங்கே வைப்பது என்று அதற்குத் தெரியவில்லை. தங்கை அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பிள்ளையைத் தூக்கி அவற்றில் வைத்தாள்.

“தலையைத் தாங்கிப் பிடிச்சுக்குங்க” என்றாள்.

அது தாங்கிப் பிடித்துக்கொண்டது. வாசல் பக்கம் திரும்பவில்லை.

தணிகாசலம் வெளியே போய் நாற்காலியை எடுத்துவந்து உள்ளே போட்டார்.